நமக்கு அங்கே என்ன?

பாடசாலைச் சுற்றுலா என்றதும் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குப் பெற்றார் உடனே சம்மதிப்பார்கள். அநுராதபுரம், கண்டி என்றால் முகம் மாறும். "நமக்கு அங்க என்ன சேர்?" என்பார்கள்.

இக்கேள்வியை நான் அலட்சியம் செய்வதில்லை. பிள்ளைகளின் ஈமான் பற்றிய அச்சம் அதற்குள் இருக்கிறது. ஆனால், நமக்குரியதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பயணமாகுமா?

கொழும்பு தேசிய நூதனசாலையில் ஒரு கல்வெட்டு உண்டு. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. 1409ஆம் ஆண்டைக் குறிப்பது. அதை இங்கு கொண்டுவந்த சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரை விஷ்ணுவுக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரிலும் அதில் காணிக்கைகள் கூறப்படுகின்றன. நமது மொழி ஒரு பகுதியில். நமது மார்க்கம் இன்னொரு பகுதியில். நமக்குரியதை மட்டும் பிரித்தெடுப்பதானால் அக்கல்லை உடைக்கத்தான் வேண்டும்.

அதே தளபதி 1411 அளவில் இந்நாட்டு ஆட்சியாளர் ஒருவரைச் சிறைபிடித்துச் சென்றதும் வரலாறே. எனவே காணிக்கை கொடுத்தால் மட்டும் மரியாதை ஆகிவிடாது. போன இடத்தில் விருந்தாளியாக நடக்கத் தெரியவேண்டும். பிள்ளைகளுக்கு நாம் முதலில் பழக்கவேண்டியது இதைத்தான்.

வணங்குவது வேறு, அறிந்துகொள்வது வேறு. மனிதர் பல சமூகங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று நமது மறை போதிக்கிறது. ஒருவரும் பார்க்காமல் அறிவது எப்படி?

அடுத்த சுற்றுலாவில் காலையில் நூதனசாலை. தெஹிவளை பகலுக்குப் பிறகு.