திறந்த கதவும் சொல்லித்தருதலும்

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். 1989இல் வந்த க்னூ பொது உரிமம் இந்த அனுமதியை எழுத்திலேயே தந்தது. நிரல் திறந்திருந்தால் அறிவும் திறந்துவிடுகிறதா?

ஒரு மென்பொருள் குழுவின் தமிழாக்கத்தில் சேர்ந்தேன். டவுணில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவி முடிய இரவு பத்தாகும். அதன்பிறகு உட்கார்ந்து, திருத்தத்தை எப்படி அனுப்புவது என்று கேட்டேன். 'ஆவணத்தில் இருக்கிறது, படியுங்கள்' என்று பதில் வந்தது. அது புரியாமல்தான் கேட்டிருந்தேன். அன்று எனக்கு மிஞ்சிய ஒரு மணி நேரம் அதோடு போனது. கேட்டவள் கூசிப்போனாள்; சொல்லித்தராதவர் தாராள மனத்தவராகவே இருந்தார்.

சொதிக்கு முதல்பாலை எப்போது ஊற்றுவது என்று அம்மாவிடம் எத்தனை முறை கேட்டிருப்பேன்! ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாள். அதை யாரும் தொழில்நுட்ப அறிவு என்று சொன்னதில்லை.

தமிழ் விக்கிமூலத்தில் ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். தன் பிழை தன் கண்ணுக்குத் தப்பும் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஆவணம் எழுதுகிறவர்களுக்கும் அந்த அடக்கம் வேண்டும். புதிதாக வருகிறவள் இடறும் இடம், எழுதியவர் கண்ணுக்குத் தப்பிய இடம். அவளிடம் கேட்டு அதை எழுதிச் சேர்ப்பது அவருடைய கடன்.