கூண்டும் கருணையும்: கிளி வளர்ப்பில் ஓர் அறக்கேள்வி

பசித்த உயிருக்கு உணவளிப்பது அறம் என்பதில் தமிழகத்துச் சமயங்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் உணவளிக்கும் கையே அவ்வுயிரை அடைத்தும் வைத்திருக்குமானால், அச்செயல் முழுவதையும் அறத்தின் கணக்கில் எழுதுவதா, பிழையின் கணக்கில் எழுதுவதா என்ற வினாவுக்கு எளிதில் விடை கிடைப்பதில்லை. கூண்டில் சிறு கிளி வளர்க்கும் வீடுகளில் இவ்வினா நாள்தோறும் எழ வேண்டியது. தினையும் தண்ணீரும் தவறாமல் வைக்கப்படுவதால் அது எழாமலே போய்விடுகிறது.

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ச் சாலையில் ஒத்தக்கடையை ஒட்டி நீண்டு கிடக்கும் யானைமலை, இவ்வினாவை ஆராய்வதற்கு உரிய பின்புலத்தைத் தருகிறது. கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியதென அறிஞர் கருதும் தமிழ் பிராமிக் கல்வெட்டும், பிற்காலத்துத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அம்மலையில் உள்ளன. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அதனைச் சமணர் உறைவிடமாகவே குறிப்பிட்டார். அதன் அடிவாரத்து நரசிங்கத்தில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி கி.பி. 770-இல் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தான். இம்மரபுகளுள் உயிர்களை அடைத்து வைப்பதைத் தனிக் குற்றமாக வகுத்துப் பெயரிட்டு ஆராய்ந்தது சமணமே ஆதலால், அதிலிருந்து தொடங்குவது பொருந்தும்.

சமண நெறியில் இல்லறத்தார், அதாவது சாவகர், மேற்கொள்ளும் வரம்புக்குட்பட்ட நோன்புகள் அணுவிரதங்கள் எனப்படும். நோன்பை முற்றிலும் முறிக்காவிட்டாலும் அதற்கு மாசு சேர்க்கும் மீறல் அதிசாரம் எனப்படும். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் கொல்லாமை நோன்புக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவையும் நீரையும் மறுத்தல். இவற்றுள் கட்டுதலுக்குப் பொருள் கூறிய உரையாசிரியர் பூஜ்யபாதர், ஓர் உயிர் தான் விரும்பும் இடத்துக்குச் செல்ல இயலாமல் தடுப்பதே கட்டு என்றார். தேவசேனரின் தரிசனசாரம் கூறுவதன்படி இவருடைய மாணவர் வச்சிரநந்தியே ஐந்தாம் நூற்றாண்டில் மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவியவர் ஆதலால், இவ்விளக்கம் பாண்டி நாட்டுக்கு அயலானது அன்று. கயிறோ சங்கிலியோ இல்லாமலே கட்டு நிகழக்கூடும் என்பது இவ்விளக்கத்தால் பெறப்படும். கூண்டு அதற்குள் அடங்கும், பறக்கவொட்டாமல் இறகைக் கத்தரிப்பதும் அடங்கும். மேலும், கட்டுதலும் உணவு மறுத்தலும் ஒரே பட்டியலில் தனித்தனிக் குற்றங்களாக நிற்பதால், ஒன்றைச் செய்யாதிருப்பது மற்றொன்றுக்கு ஈடாகாது. வேளை தவறாமல் உணவு வைப்பவர் ஐந்தாம் குற்றத்திலிருந்து நீங்கினார் என்று சொல்லலாமேயன்றி, முதற்குற்றத்திலிருந்தும் நீங்கினார் என்று சொல்ல முடியாது.

தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, பிரமாதத்தால், அதாவது விழிப்பின்மையால், ஓர் உயிருக்கு நேரும் ஊறு என்று கூறுகிறது. இவ்வரையறை கிளி வளர்ப்பின் அன்றாடச் செயல்களையும் அறத்தின் எல்லைக்குள் கொண்டுவருகிறது; ஏனெனில் அன்பு மிகுந்த கையும் விழிப்பற்றதாக இருக்கக்கூடும். கிளிக்குப் பாலும் பழமும் ஊட்டுவது நம் மக்களின் நெடுநாள் வழக்கமாயினும், பறவைகள் பாலூட்டிகள் அல்லாமையால் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. பால்சோறு வயிற்றுப்போக்கைத் தரும். சூரியகாந்தி விதையைக் கிளி ஆவலோடு கொறிக்கும் என்பதற்காக அதையே நாளும் கொடுத்தால் கொழுப்பு மிகுந்து ஈரல் கெடும். தானியம் மட்டுமே தின்னும் கிளிக்கு வைட்டமின் ஏ குறைவு நேரும். தினை, சாமை, கம்பு ஆகியவற்றோடு கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் ஆகியவற்றைச் சேர்ப்பதும், சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓட்டைக் கூண்டில் செருகி வைப்பதும், மதுரையின் கோடையில் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதும், இரவில் பத்து மணி நேரத்துக்குக் குறையாத இருளும் அமைதியும் தருவதும் தேவை. அடுக்களையை ஒட்டிக் கூண்டைத் தொங்கவிடும் வீடுகளில், அளவு மீறிச் சூடேறிய நான்ஸ்டிக் பாத்திரத்தின் ஆவி மனிதர் உணருமுன்னரே கிளியைக் கொன்றுவிடும். நோயுற்ற கிளி தன் நோயை இயன்றவரை மறைக்கும் இயல்புடையது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் ஒடுங்கும் நிலையில் நோய் முற்றியிருக்கும். எனவே நாள்தோறும் எச்சத்தின் நிறத்தையும் உணவின் அளவையும் கவனிப்பது வெறும் வளர்ப்பு நுட்பம் அன்று. சமண வரையறையின்படி அது கொல்லாமையின் ஒரு பகுதியாகும்.

வடலூரில் 1867-இல் சத்திய தருமச்சாலையை நிறுவிய வள்ளலார், ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் நூலில் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை ஆகியவற்றை உயிர்களுக்கு நேரும் துன்பங்களாக எண்ணிப் பசியையும் கொலையையும் நீக்குவதற்கு முதலிடம் தந்தார். கூண்டை நியாயப்படுத்துவோர் இம்முதன்மையைத் துணைக்கழைக்கக் கூடும்: காட்டில் பசியும் பருந்தும் உண்டு, கூண்டில் இரண்டும் இல்லை. ஆயினும் பசியை நீக்குவதற்காக இச்சையையும் பயத்தையும் உண்டாக்கலாம் என்ற இசைவு அப்பட்டியலில் இல்லை. அன்றியும், தோப்பில் தானே இரை தேடிக்கொள்ளும் பச்சைக்கிளியின் பசி, அதைப் பிடித்து அடைத்தவர் நீக்க வேண்டியதாக இருந்த பசியே அன்று. அடைத்தவரே தம்மை நம்பியிருக்கும்படி அதனை ஆக்கிவிட்டு, பின்னர் அளிக்கும் உணவு கடன் தீர்த்தலாகுமே அல்லாமல் கொடையாகாது.

சைவ வைணவ மரபுகளில் கிளி தெய்வத்தின் தோழமை பெற்ற பறவை. மதுரை மீனாட்சியின் கையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி உண்டு; ஆண்டாளின் கிளி இலைகளாலும் மலர்களாலும் நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுவது. இவ்விரு வடிவங்களிலும் கூண்டு இல்லை. எனினும் மீனாட்சி கோயிலில் பொற்றாமரைக் குளத்தை அடுத்துள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கிளிகள் கூண்டுகளில் வளர்க்கப்பட்டன என்பதையும் மறைத்தல் கூடாது. இறைவியின் பெயரைப் பறவையின் வாயால் கேட்கும் ஆர்வம் கூண்டை வேண்டியது. சிற்பி வடித்த வடிவமோ அதனை வேண்டவில்லை. ஒரே கோயிலுக்குள் இரண்டும் இடம்பெற்றிருப்பதால், கூண்டு பக்தியின் வழக்கங்களுள் ஒன்று எனலாமே தவிர, பக்திக்கு இன்றியமையாதது எனல் பொருந்தாது.

கூண்டிலேயே பிறந்த கிளி வானத்தை அறியாததால் அதற்கு இழப்பில்லை என்பது எஞ்சி நிற்கும் வலிய தடை. இழப்பை அறிவது வேறு, இழப்பால் வாடுவது வேறு. துணையும் செயலும் இன்றித் தனித்து அடைபட்ட கிளிகள், பிறந்த இடம் கூண்டேயாயினும், தம் இறகைத் தாமே பிடுங்கிக்கொள்வதும், தலையை ஓயாமல் ஒரே வகையில் அசைப்பதும் வளர்ப்போர் கண்டறிந்தவை. கூட்டமாக வாழ்வதற்கும், பறப்பதற்கும், பகலெல்லாம் இரை தேடுவதற்கும் அமைந்த உடலின் தேவை, வானத்தைக் கண்டறியாததனால் மறைந்துவிடுவதில்லை.

ஆயினும் இதிலிருந்து எல்லாக் கூண்டுகளையும் உடனே திறந்துவிட வேண்டும் என்ற முடிவு வாராது. தமிழ்நாட்டில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்றே விற்கப்படும் பட்ஜரிகர், ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிக்கு உரிய, நாற்பது கிராம் அளவே எடையுள்ள சிறுகிளி; கூண்டில் பிறந்த அதனை மதுரைச் சமவெளியில் பறக்கவிட்டால் காகத்துக்கும் வல்லூறுக்கும் பசிக்கும் அது இரையாகும். புண்ணியம் கருதி அவ்வாறு விடுவதும் விழிப்பின்மையால் விளையும் இம்சையே. பச்சைக்கிளியின் நிலை வேறு: அது இம்மண்ணின் பறவை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். தில்லிச் செங்கோட்டைக்கு எதிரேயுள்ள சமணக் கோயிலின் பறவை மருத்துவமனை, குணமடைந்த பறவைகளை உரிமையாளரிடம் திருப்பித் தராமல் விடுவித்துவிடும் வழக்கமுடையது. கட்டுதலைக் குற்றமெனக் கண்ட கொள்கை நடைமுறையில் கொள்ளும் வடிவம் அதுவே.

ஆகவே கடமையும் இருவகைப்படும். இம்மண்ணின் கிளியைப் பொறுத்தவரை, பிடியாதிருத்தலும் வாங்காதிருத்தலுமே அதற்குச் செய்யும் முதல் உபசாரம். அடைபட்டிருப்பதை வனத்துறையிடம் ஒப்படைப்பது அடுத்தது. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அயல்நாட்டுச் சிறுகிளியைப் பொறுத்தவரை, கட்டை அவிழ்க்க இயலாதபோது அதனைத் தளர்த்துவதே அறம்: துணைக்கு இன்னொரு கிளி, சிறகு விரிக்கப் போதிய அகலமுள்ள கூண்டு, கதவுகளை அடைத்த அறைக்குள் நாள்தோறும் சிறிது நேரப் பறப்பு, தேடித் தின்னும்படி மறைத்து வைத்த உணவு, ஐந்து முதல் பத்தாண்டு வரை நீளும் அதன் ஆயுள் முழுவதற்குமான பொறுப்பு ஆகியவை அத்தளர்த்தலின் கூறுகள். இவ்வளவையும் தர இயலாதவர் கிளி வாங்குவதைத் தவிர்த்து, மாடியில் ஒரு கலத்தில் தண்ணீரும் கைப்பிடியளவு கம்பும் வைப்பாராயின், ஐந்து அதிசாரங்களுள் ஒன்றும் சேராமலே உயிர்க்கு உணவளித்த பயனை முழுமையாகப் பெறுவார்.