பயத்தின் எதிரே

1896 ஜூலை. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்கு அருகில் ஒரு மாடி அறை. 16 வயது வேங்கடராமனை மரண பயம் திடீரெனப் பற்றியது. உடம்பில் நோய் எதுவும் இல்லை. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, வாயை இறுக மூடி, சாவது எது என்று பார்க்கத் தொடங்கினான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவரின் போர்க்களம் அந்த அறை.

*

மார்பில் பட்ட புண்ணைப் பெருமையாகவும் முதுகில் பட்டதை இழிவாகவும் எண்ணிய மரபு நம்முடையது. அந்த இலக்கணத்தை உள்ளே திருப்பிப் பார்க்கிறேன். பொறாமை எழும்போது பேச்சை மாற்றுவதும், பயம் வரும்போது கைப்பேசியைத் தேடுவதும் புறமுதுகுதான். யார் கண்ணிலும் படாத தோல்வி என்பதால் அது பழகிப்போகிறது.

*

தைப்பூசத்தன்று காவடியோடு பினாங்கின் தண்ணீர்மலைக்கு நடப்பவர்களை வணங்குகிறேன். அன்று அவர்களோடு ஊரே வேல் முழக்கமிட்டு வருகிறது. அதற்கு முந்தைய விரத நாட்களில், தன் கோபத்தோடும் ஆசையோடும் தனியே இருக்கும் பொழுதில், முழக்கம் எதுவும் இல்லை. காவடியின் பெரும்பாரம் அங்கேதான் சுமக்கப்படுகிறது.

*

உள்ளே பார்ப்பது உலகை விட்டு ஒதுங்குவதாகுமா? 1924 ஜூன் மாத இரவொன்றில் திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார் ரமணர். தேடுவதற்கு விளக்கும் கொடுக்கப்பட்டது. ஆனாலும் அவர் தொடையில் அடி விழுந்தது. திருப்பி அடிக்கத் துடித்த அன்பரை அவரே தடுத்தார். மதுரையில் பயத்தை நேர்கொண்டு பார்த்தவரிடம், 28 ஆண்டுகளுக்குப் பின் தடிக்கு முன்னால் வெறுப்பு எழவில்லை.

*

1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக மண்டலம் வந்தது முதல், பாயான் பாருவைச் சுற்றி இரவும் வேலை நேரம்தான். மேலதிகாரியின் சுடுசொல் காதில் எரிய ஒருவர் விடியலில் வீடு திரும்புகிறார். கதவைத் திறக்குமுன் நின்று, "இப்போது புண்பட்டிருப்பது யார்?" என்று தன்னைக் கேட்டுக்கொள்கிறார். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் மேல் இறக்காமல் உள்ளே போகிறார். அவருக்கு யாரும் நடுகல் நடப்போவதில்லை. வீரர் என்று அவரைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

*

எவ்வளவு நேரம் கண்மூடி அமர்ந்தேன் என்பது கணக்கல்ல. என் குரல் உயரும்போது வீட்டில் யாராவது ஒடுங்கிப்போகிறார்களா? என் தியானத்தை இந்தக் கேள்வியால்தான் அளக்க வேண்டும்.