பழைய ஆட்டமும் பின்னோட்டிய தவறும்

மனிதன் தன் கடந்த காலத்தை நாடிச் செல்லும்போது எதனைத் தேடுகின்றான்? பழைய பாடசாலை, பழைய பாடல், பழைய கடிதம் என்னும் வரிசையில் இன்று பழைய வீடியோ விளையாட்டும் இடம்பெற்றுவிட்டது. சிறுவயதில் ஆடியதை நடுவயதில் மீண்டும் ஆடுவோர் பலர். அவர்களுக்கு வழங்கப்பட்டுள்ள சிறு வசதியொன்று அறவியல் வினாவொன்றை எழுப்புகின்றது.

நின்ரெண்டோ என்னும் யப்பானிய நிறுவனம் 1983இல் வெளியிட்ட பமிக்கொம் கருவிக்கென 1985இல் ‘சுப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் ஆட்டம் வெளிவந்தது. உலகொன்றுக்கு 4 கட்டங்கள் வீதம் 8 உலகங்களில் 32 கட்டங்கள் அதில் உள்ளன. தொடக்கத்தில் ஆடுபவனுக்கு மூன்று உயிர்கள் உண்டு. இடையில் மேலும் சிலவற்றை ஈட்டலாம். ஆயின், ஆட்டத்தைச் சேமித்துவைக்க வழியில்லை. கருவியை நிறுத்திவிட்டால், மறுநாள் முதற் கட்டத்திலிருந்தே தொடங்கவேண்டும். அந்நிறுவனம் 2018இல் தொடங்கிய சந்தாச் சேவையின் மூலம் இதே ஆட்டத்தைப் புதிய கருவியில் ஆடலாம். 2019இல் அதனோடு பின்னோட்டும் வசதியும் சேர்க்கப்பட்டது. பள்ளத்தில் வீழ்ந்தவன் சில விநாடிகள் பின்சென்று, வீழாதவனாகவே மேலே செல்லலாம்.

இவ்வாறு ஆடப்படுவது அதே ஆட்டந்தானா? பேர்னாட் சூற்ஸ் என்னும் தத்துவவியலாளர் 1978இல் வெளியிட்ட நூலில், வேண்டாத தடைகளை ஒருவன் விரும்பி ஏற்பதிலேயே விளையாட்டின் இயல்பைக் கண்டார். பந்தைக் கையாலெடுத்துக் குழியில் இடுவது எளிது. கோலால் அடித்தே இடவேண்டுமென்று உடன்படுவதனாலேயே கொல்ப் ஆட்டம் உண்டாகின்றது. இதன்படி நோக்கின், வீழ்ச்சியின் விலையை நீக்கியவன் ஆட்டத்தின் ஒரு பகுதியையே நீக்கியவனாகின்றான்.

இதற்கு மறுப்பும் உண்டு. தனித்து ஆடுபவன் எவரை ஏமாற்றுகின்றான்? வேலைப்பளு மிக்கவனும் விரல்களின் விரைவு குன்றியவனும் இவ்வசதியின்றி இறுதிக் கட்டத்தைக் காணாமலே போகலாம். இம்மறுப்பு நியாயமானதே. பின்னோட்டுபவன் குற்றவாளியல்லன், வேறொரு விதியை ஏற்றுக்கொண்டவன், அவ்வளவே. தவறு நிகழ்வது, தன் இளமையின் ஆட்டத்தையே மீண்டும் ஆடியதாக அவன் கருதும்போதுதான்.

இவ்விடத்து ஒன்று நோக்கற்பாலது. இவ்வாட்டத்தை இருவர் ஆடுமிடத்து, ஒருவன் உயிரொன்றை இழந்ததும் ஆட்டமுறை மற்றவனைச் சேரும். எனவே அண்ணனின் வீழ்ச்சியே தம்பியின் வாய்ப்பாக அமைந்தது. ஒருவன் தோல்வியை ஏற்று ஆட்டமுறையை மற்றவனுக்கு விட்டபோது, தன் தவறு தனக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கற்றுக்கொண்டான். ஒவ்வொரு வீழ்ச்சியையும் பின்னோட்டி அழிப்பவன் தன் முறையைக் கைவிடவேண்டியதேயில்லை. அருகே காத்திருப்பவனுக்கோ முறை வருவதேயில்லை.

நினைவும் இத்தகைய கருவியே. இளமையை எண்ணுங்கால் மனிதன் தன் வெற்றிகளை நிறுத்திவைத்து, வீழ்ச்சிகளைப் பின்னோட்டி அழித்துவிடுகின்றான். அவ்வாறு மீட்கப்படும் கடந்த காலம் இனிமையானதாயினும் உண்மையானதன்று. பழைய ஆட்டத்தை நாடுவோர் எவ்விதியின்படியும் ஆடலாம். ஆயின், அன்று வீழ்ந்த பள்ளத்தில் இன்றும் ஒருமுறை வீழ்ந்து, முதற் கட்டத்திலிருந்து மீண்டும் தொடங்கும் பொறுமை உடையவனே, தான் விட்டுவந்த சிறுவனை அங்கு சந்திக்கின்றான் எனலாம்.