எல்லைக்கு உள்ளே ஒரு கால்

பேச்சிப்பாறை அணையையோ, ஆரல்வாய்மொழிப் பக்கம் மலையடியில் கிடக்கும் பொய்கை அணையையோ காட்டு வழியே சில நாள் யாத்திரையாக நடந்து சுற்றிவர நினைப்பவருக்கு முதல் வேலை கணக்குதான். எங்கே தங்குவது, எவ்வளவு அரிசி, எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் ஏறும், வனத்துறை எதுவரை விடும். சாமியை நினைத்துக் கிளம்புகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, அழைத்தவன் பார்த்துக்கொள்ள மாட்டானா என்று பக்தர்கள் கேட்பதுண்டு. லேசான கேள்வி அல்ல அது. தன் ஏற்பாட்டை நம்புகிறவன் முழுதாகச் சரணடையவில்லை என்ற ஐயம் பக்தி மரபில் வெகுகாலமாக உண்டு. ஆனால் ஏற்பாடும் எல்லையும் பக்திக்கு வெளியே நிற்பவை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இவை இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தின் சிவாலய ஓட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சிவராத்திரிக்கு முந்தைய நாள் முஞ்சிறை திருமலையில் புறப்பட்டு, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என 12 சிவன் கோயில்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிக்கிறார்கள். தூரம் 100 கிலோமீட்டருக்குக் குறையாது. கையில் ஓலை விசிறி, வாயில் 'கோவிந்தா கோபாலா'. இதற்குச் சொல்லப்படும் கதையில், பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகத்தைத் தேடிப் போகும் பீமனிடம் கண்ணன் 12 உருத்திராட்சங்களைக் கொடுத்தனுப்புகிறான். மிருகம் துரத்தும்போது பீமன் ஒவ்வொன்றாகக் கீழே வைக்க, அவை லிங்கமாகின்றன. சிவபக்தியில் ஊறிய அந்த மிருகம் நின்று வழிபடுகிறது, பீமன் ஓடுகிறான். அழைத்த கடவுளே கணக்குப் பார்த்துக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்த மாதிரி இது. கடைசியில் பீமன் ஒரு கால் தன் எல்லையிலும் மறுகால் மிருகத்தின் எல்லையிலுமாகப் பிடிபடுகிறான். வழக்கு தருமனிடம் வருகிறது. போனது தருமனின் வேள்விக்காக, பிடிபட்டவன் சொந்தத் தம்பி. இருந்தும் பாதி உடல் மிருகத்துக்கே என்று தீர்ப்பாகிறது. புனிதமான காரியத்துக்காகப் போனேன் என்ற வாதம் அங்கே செல்லவில்லை. காட்டின் எல்லைக்கு உரிமை உண்டு என்பதை இவ்வளவு கறாராகச் சொல்லும் கதை நம்மிடம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

சித்தர்கள் யாரைக் கேட்டுப் பொதிகைக்குப் போனார்கள் என்று மறுக்கலாம். போனவர்கள் தனியாட்கள், காட்டில் கிடைத்ததைத் தின்று, காடு விட்ட இடத்தில் இருந்தவர்கள். இன்று போவது கூட்டம், கூடவே பிளாஸ்டிக்கும் அடுப்பும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எந்தப் பருவத்தில் எந்தப் பாதை என்ற கேள்வி உயிர்க் கேள்வி. இன்னொரு மறுப்பு வலுவானது: மலையில் ரப்பர்த் தோட்டம் போட்ட அரசு, விளக்கேற்றப் போகிறவனைத் தடுப்பது என்ன நியாயம்? நியாயமில்லைதான். அந்தத் தோட்டங்களைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும், உரக்கவே. ஆனால் அரசு மீறியதால் நமக்கும் மீறும் உரிமை வந்துவிடாது. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. வழியும் தங்கலும் முடிவாகுமுன் கேட்க வேண்டியவர்களில் அவர்களும் உண்டு, வனத்துறை சீட்டுக் கொடுத்துவிட்டாலும்கூட.