ஓட்டுபவரும் ஓடவைப்பவர்களும்

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போக எதில் 'சீட்' பதிவது என்று பேச்சு வந்தால், எங்கள் பக்கத்தில் ஒரு நற்சான்று உடனே கிடைக்கும்: "அவன் விடியமுன்னம் கொண்டுபோய் இறக்கிப்போடுவான்." சாரதி பகலில் நித்திரை கொண்டாரா, டயர் எப்படி என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. 2022 நவம்பர் 5, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன சொகுசு பஸ் ஒன்று வவுனியா நொச்சிமோட்டைப் பாலத்தடியில் கவிழ்ந்தது. மூவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. கொஞ்ச நாள் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசினோம். பிறகு அதே நற்சான்றுக்குத் திரும்பிவிட்டோம்.

விபத்து நடந்ததும் சாரதியைத் திட்டுவது சுலபம். பல நேரம் அது நியாயமும்கூட. ஆனால் ஓட்டுபவரின் கவனத்தை அவர் மட்டுமா தொலைக்கிறார்? பக்கத்தில் இருப்பவர், பின்னால் இருப்பவர், கடல் கடந்து இருப்பவர் என்று எத்தனையோ பேர் சேர்ந்துதான் அதைப் பறிக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

ஏ9 வீதியின் கதையைப் பாருங்கள். 2002இல் திறந்து, 2006 ஆகஸ்டில் மூடி, போர் முடிந்தபின் மறுபடி திறந்த பாதை அது. சமாதான காலத்தில் அதில் வந்தவர்களுக்குக் குழிகள் நினைவிருக்கும். இன்னொன்றும் நினைவிருக்கும். ஓமந்தை தாண்டியதும், புலிகளின் தமிழீழக் காவல்துறையின் தண்டத்துக்குப் பயந்து தென்பகுதிச் சாரதிகளும் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். குழியும் பயமும் சேர்ந்து எங்களை நிதானமாக ஓடவைத்தன. காப்பெட் வீதி வந்தது, பயம் போனது, நிதானமும் கூடவே போய்விட்டது. அப்படியென்றால் அந்த நிதானம் ஒருநாளும் எங்களுடையதாக இருந்ததில்லை. இன்றைக்கும் முன்னால் பொலிஸ் நின்றால் எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டுகிறார். நாமும் நன்றியோடு வேகத்தைக் குறைத்து, கையில் தொங்கிய ஹெல்மெட்டைத் தலைக்கு ஏற்றி, அந்த இடம் கடந்ததும் கழற்றிவிடுகிறோம். முன்பின் தெரியாத ஒருவர் நமக்குச் செய்யும் இந்த உதவியைப்போல ஆபத்தான உபகாரம் வேறு இல்லை.

மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு விநாடியில் 19 மீற்றருக்கு மேல் ஓடும். வந்த செய்தியைப் பார்க்க ஐந்து விநாடி குனிந்தால், ஏறத்தாழ நூறு மீற்றரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததற்குச் சமம். புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், இருபக்கமும் காடு, வீதி நேர்கோடு. அந்த நூறு மீற்றருக்குள் இரவில் ஒரு கட்டாக்காலி மாட்டுக் கூட்டமே படுத்திருக்கலாம். வெளிச்சம் இல்லாத பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு உழவு இயந்திரம் முன்னால் ஊரலாம். அறுவடைக் காலத்தில் வீதியோரம் காயப்போட்ட நெல்லுக்குக் காவலாக ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். வளைவில்லாத வீதி என்பதால் கண் பாதையில் இருக்க, மனம் எங்கேயோ போய்விடும்.

காதில் மாட்டிக்கொண்டு பேசினால் ஆபத்தில்லை என்பது பரவலான நம்பிக்கை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் கூட்டாளிகளும் செய்த ஆய்வுகள் அதை உடைத்துவிட்டன. கை சுதந்திரமாக இருந்தாலும் மனம் பேச்சில் இருந்தால், நேரே பார்த்துக்கொண்டிருக்கும் பொருளைக்கூட ஓட்டுபவர் கவனிக்கத் தவறுகிறார். பக்கத்தில் இருந்து பேசுகிறவர் பரவாயில்லை. முன்னால் லொறி திரும்பினால் அவரும் அதைக் கண்டு வாயை மூடுவார். ரொறன்ரோவில் இருப்பவருக்கு லொறி தெரியாதே!

ரொறன்ரோ என்று சும்மா சொல்லவில்லை. அங்கே இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்கு ஆறுதலாகப் போனைக் கையில் எடுக்கும்போது, கிளிநொச்சியில் காலை ஆறரை அல்லது ஏழரை. முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு பிள்ளை, இரண்டு புத்தகப்பையோடு தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓடும் நேரம் அது. ஹெல்மெட்டுக்குள் செருகிய போனில் அவர் சொல்கிறார்: "ஓம் அக்கா, ரோட்டிலதான் போய்க்கொண்டிருக்கிறன், சொல்லுங்கோ."

அதை வெறும் அசட்டை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அக்காவின் அழைப்பை எடுக்காமல் விடுவது நன்றிகெட்ட வேலை என்று அவர் நினைக்கிறார். 2009இல், போரின் கடைசி மாதங்களில், யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாமல் வாரக்கணக்கில் தவித்த குடும்பங்கள் இவை. மணி அடித்து யாரும் எடுக்காவிட்டால் மறுமுனையில் நெஞ்சு பதறும். பாசமும் பழைய பயமும் சேர்ந்துதான் அந்தப் போனைக் காதில் வைக்கின்றன. பொலிஸ் தண்டத்தால் மட்டும் இந்தப் பழக்கம் தீரும் என்று நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

ரயில் கடவைகளையும் சொல்லவேண்டும். 1990இல் நின்றுபோன யாழ்தேவி, 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடையில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை தண்டவாளத்தையே அறியாதது. 2019 ஜூனில் கிளிநொச்சியில் பாதுகாப்பற்ற கடவை ஒன்றில் இராணுவ வாகனமும் ரயிலும் மோதிப் படையினர் பலர் இறந்தார்கள். கதவும் காவலாளியும் இல்லாத இடத்தில் காதுதான் காவல். அந்தக் காதிலும் பாட்டு ஓடினால் என்ன செய்வது?

ஓட்டுபவரின் கவனம் தொலையாமல் இருக்க எங்கள் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டும் வாகனங்கள் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிப் போவது பழைய வழக்கம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். சாரதி இறங்கி, முகம் கழுவி, காலை நீட்டி நிற்க அந்த வழக்கம் இடம் கொடுத்தது. நித்திரை தூங்கிக்கொண்டு ஓட்டியவனை எத்தனை தடவை அது காப்பாற்றியிருக்குமோ! இப்போது அவசரத்தில் கும்பிடு மட்டும் ஜன்னலுக்குள்ளிருந்தே முடிந்துவிடுகிறது. பயணிகளும் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுக்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் அக்காமார், அண்ணைமாரிடம் ஒரு விண்ணப்பம். ஊருக்கு எடுத்தால், சுகம் விசாரிக்க முன்னம், "வாகனம் ஓடுறியோ?" என்று கேளுங்கள். ஓம் என்று பதில் வந்தால் அவர் வைக்கும்வரை காத்திராமல் நீங்களே வைத்துவிடுங்கள். அவர் பிறகு எடுப்பார்.