முகமும் வாக்குமூலமும்

திண்டிவனம் சப் கோர்ட்டில் முடிந்த சொத்து வழக்கு விழுப்புரம் ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீலாகப் போகலாம். அங்கே சாட்சி கூண்டேறுவது அபூர்வம். எழுதி வைத்த வாக்குமூலந்தான் பேசும். அதைப் படித்தே தீர்ப்பை மாற்றியமைக்க, பாதியைத் தந்து பாதியைத் தள்ள, 1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டம் இடங்கொடுக்கிறது.

சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் சொன்னதை, பார்க்காதவர் திருத்துவது நியாயமா?

அதே ஜில்லாவிலுள்ள திருவெண்ணெய்நல்லூரில், சுந்தரர் தம் அடிமையென்று ஒரு கிழவர் வழக்காடிய கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அந்தணர் அந்தணருக்கு அடிமையாவதுண்டா என்று மலைத்த சபையார்கூட, மூல ஓலையில் பாட்டனாரின் கையெழுத்தைக் கண்டபின் கிழவர் பக்கமே தீர்த்தார்கள். (வாதி சிவபெருமான், அப்பீலுக்கு வழியில்லை!)

பொய்ச்சாட்சி கூண்டில் தடுமாறுவான் என்கிறார்கள். பழகிய பொய்யன் தடுமாறுவதேயில்லை. மெய் சொல்ல வந்த ஏழைக் குடியானவன்தான் தடுமாறுகிறான். அவனுக்காகவாவது, முகம் பாராத அந்த இரண்டாவது வாசிப்பு வேண்டுமென்பேன் நான்.